மொழிபெயர்ப்பாளரை வெளியே அனுப்பிய நாள்

1553 ஆகஸ்ட், இஸ்தான்புல். ஹங்கேரி அரசர் ஃபெர்டினாண்டின் தூதர்கள் இரண்டு பேர் உதுமானியத் தலைமை அமைச்சர் ருஸ்தம் பாஷாவைப் பார்க்கப் போகிறார்கள். ஒருவர் ஃபெரென்ஸ் ஸாய். இன்னொருவர் ஆன்டுன் வ்ரான்சிச் என்ற கத்தோலிக்க ஆயர். முகமன்கள் துருக்கி மொழியில் நடக்கின்றன, நடுவில் மொழிபெயர்ப்பாளர். திடீரென்று பாஷா குரோவாசிய மொழியில், "உங்களுக்கு இந்தப் பேச்சு தெரியுமா?" என்று விசாரிக்கிறார். தெரியும் என்றதும் மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிடுகிறார். அப்புறம் பேச்சுவார்த்தை எல்லாமே அந்த மொழியில்தான்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் காட்சி இது. வ்ரான்சிச் 1504-இல் அட்ரியாட்டிக் கடலோர ஊரான ஷிபெனிக்கில் பிறந்தவர். அவரைப் படிக்கவைத்து ஆளாக்கிய தாய்வழி உறவினர் பெரிஸ்லாவிச், 1520-இல் துருக்கிப் படையோடு மோதிச் செத்துப்போனார். அந்த வீட்டுப் பிள்ளைதான் பாஷாவுக்கு எதிரே உட்கார்ந்து ஊர்ப் பேச்சில் பேசுகிறார். மனசுக்குள் என்ன ஓடியிருக்கும்!

அந்தத் தூது நான்கு ஆண்டுகள் இழுத்தது. 1555-இல் சுல்தான் சுலைமானைப் பார்க்க அமாஸ்யா வரை போனார்கள். போகிற வழியில், அங்காராவில் ஒரு பழைய கோயில் சுவரில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் சாதனைகளைச் சொல்லும் லத்தீன் கல்வெட்டு அவர்கள் கண்ணில் பட்டது. உடன் போன இன்னொரு தூதர் புஸ்பெக்கின் பெயரைத்தான் இதற்கு எல்லோரும் சொல்வார்கள். வ்ரான்சிச்சும் அங்கே இருந்தார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அது உண்மையாகவே வருத்தம்.

1567-இல் மறுபடியும் தூது. வயது அறுபதைத் தாண்டியாயிற்று. 1568 பிப்ரவரியில் எடிர்னேயில் உடன்படிக்கை முடிந்தது: எட்டு ஆண்டு அமைதி, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 டக்கட் பொற்காசு. கப்பம் கட்டி வாங்கிய சமாதானம்தானே என்று இளக்காரமாகச் சொல்லிவிடலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லையில் சில்லறைச் சண்டைகள் ஓயவில்லைதான். ஆனால் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்து, அடுத்த பெரும்போர் 1593-இல்தான் மூண்டது. இருபத்தைந்து வருஷம்! எல்லைக் கிராமத்தில் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டுகிற காலம் அது. பள்ளியில் போர்களை ஆண்டுவாரியாக மனப்பாடம் செய்தேன். அவற்றை நிறுத்த உட்கார்ந்து பேசிய ஒருவரைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

1569-இல் அவரை எஸ்டெர்கோம் பேராயர் ஆக்கினார்கள். ஹங்கேரித் திருச்சபையிலேயே மிக உயர்ந்த பதவி. ஆனால் எஸ்டெர்கோம் 1543 முதல் துருக்கியர் கையில். பேராயரின் இருப்பிடம் டிர்னாவா என்ற ஊருக்கு மாறியிருந்தது. 1572-இல் ஃபெர்டினாண்டின் பேரன் ருடால்ஃபுக்கு ஹங்கேரி முடியைச் சூட்டியது அவர்தான். மறு வருஷம் ஜூனில் பிரெஷோவில் இறந்தார். எஸ்டெர்கோம் அப்போதும் துருக்கியரிடமே இருந்தது. டிர்னாவாவில் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.