சூடானதும் ஆஃப் ஆகும் பத்மினி: பம்ப்பை மாற்றும் முன்

"சூடானதும் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டு விட்டு ஓடுவது) வந்து ஆஃப் ஆகிறதா? ஃப்யூவல் பம்ப் போச்சு, கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பழைய பிரீமியர் பத்மினி காரில் இதே அறிகுறியை, பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பாகங்களான கண்டென்சரும் காயிலும்கூடக் கொடுக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்துவிட்டு, சூடேறியதும் இரண்டும் கைவிடும். அரை மணி நேரம் நிறுத்தினால் வண்டி மறுபடி ஓடும். அதனால்தான் பெட்ரோல் கோளாறு என்று தோன்றுகிறது.

வண்டி நின்ற உடனே, ஆறுவதற்குள் பாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு சேர்த்து, அதன் உலோகப் பகுதி இன்ஜின் மேல் படும்படி வையுங்கள். பிளக் ஓட்டையிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) தள்ளியே இருக்கட்டும். வயரைக் கையால் பிடிக்க வேண்டாம். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாக, 'டக் டக்'கென்று வந்தால் கரண்ட் சரி. அப்புறம் பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட்டைப் பாருங்கள். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் முதல் சந்தேகம் கண்டென்சர்மேல்தான். பம்ப்போடு ஒப்பிட்டால் அது மிக மலிவு.

இன்னொன்று. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆகிறது என்றால் பம்ப் காரணமாக இருக்கவே முடியாது. பம்ப் அனுப்பும் பெட்ரோல் நான்கு சிலிண்டருக்கும் போவது ஒரே கார்புரேட்டர் வழியாகத்தானே?