அப்பத்தாவுக்கு பச்சை பட்டன்தான் தெரியும்

மொபைல் கேம் ஆடவைத்து மறதி நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது வெறும் கதையில்லை. 2016-ல் வந்த 'சீ ஹீரோ குவெஸ்ட்' இந்த ஆராய்ச்சிக்கென்றே செய்த விளையாட்டு, வரைபடத்தை மனசில் வாங்கிக்கொண்டு படகை ஓட்டணும், உலகம் முழுக்க 40 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அல்சைமர் என்ற மறதி நோயின் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஈ4 மரபணு உள்ளவர்கள் அதில் சுற்றுவழியில் போவதாக 2019-ல் ஓர் ஆய்வு வந்தது, அவர்களுக்கு நோய் அறிகுறி எதுவும் இல்லை, வழக்கமான ஞாபகச் சோதனையிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு, தனி ஆளுக்கு நோய் இருக்கு இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தக் கட்டுரையில் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

எங்களுக்கு கேரள எல்லையில் குமுளிப் பக்கம். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த எங்க அப்பத்தாவை ஆஸ்பத்திரியில் காட்டியபோது மலையாளத்தில் சில பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், தமிழ் மட்டுமே தெரிந்த கிழவி என்ன செய்யும்? அந்த வகையில் பேச்சே தேவைப்படாத விளையாட்டு நல்லதுதான். ஆனால் அப்பத்தாவுக்கு போனில் பச்சை பட்டனை அமுக்கத் தெரிந்ததே பெரிசு, காய் எடுத்துக் காய்த்துப்போன விரல், திரையில் பாதி நேரம் பதியவே பதியாது. சீ ஹீரோ குவெஸ்ட் ஆய்வாளர்கள் முதல் ரெண்டு லெவலை வைத்து போன் கைப்பழக்கத்தைக் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள், இங்கே கொண்டுவந்தால் அதையாவது ஒழுங்காகச் செய்யணும்.

அப்புறம், தெரிந்த வழியிலேயே தடுமாறுகிறார் என்று பட்டால் கேமுக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறாலும் மறதி வரும், அதற்கு மருந்து இருக்கிறது.