கண்ணை மூடுங்க டீச்சர்

ஆசிரியர்களான எங்களுக்கு நடந்த தியானப் பயிற்சி வகுப்பில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதுகிறவர்கள் எல்லாம் எழுதியாச்சு. பாதிப் பேர் எழுந்து போன டீச்சருக்குத் திமிர் என்கிறார்கள். மீதிப் பேர் தியானம், மனப்பயிற்சி எல்லாமே பம்மாத்து என்கிறார்கள். நேற்று ராத்திரி என்னிடம் படித்த பையன் ஒருவன் அந்த வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் அந்த அரங்கில் இருந்தேன். வீடியோவில் இருப்பது இதுதான்: பயிற்சியாளர் "கண்ணை மூடுங்க டீச்சர், உங்க கஷ்டத்தை எல்லாம் ஒரு பலூன்ல வெச்சுப் பறக்க விடுங்க" என்கிறார். அந்த டீச்சர் எழுந்து வெளியே போகிறார். உடனே பயிற்சியாளர் மைக்கில், சிரித்துக்கொண்டே, "பாருங்க, சிலருக்கு நிம்மதியே பிடிக்காது" என்கிறார். கைதட்டல்.

வீடியோவில் இல்லாததையும் சொல்கிறேன், அந்த டீச்சருடைய சம்மதத்தோடு. வீட்டுக்காரர் காரியம் முடிந்து, விடுப்பு தீர்ந்து, அவர் பணிக்குத் திரும்பிய வாரம் அது. கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வாசலில் அத்தனை செருப்புக்கு நடுவே தன் செருப்பு எது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். "கண்ணை மூடினா ஐசியூ தெரியுது டீச்சர்" என்றார். அவ்வளவுதான் அவருடைய திமிர்.

பயிற்சியாளருக்கு இது தெரியாது, சரி. தெரியாதவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு மனுஷி தன் மனசுக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியதை இன்னொருவர் மைக் பிடித்துச் சொன்னால் அது தியானம் இல்லை, அதட்டல். இந்தப் பதிவு முழுக்க இதையேதான் சொல்லப் போகிறேன். வேறு விஷயம் எதிர்பார்ப்பவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம்.

"ஓ, நீங்க தியானத்துக்கு எதிரியா" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: இல்லை. நான் பழகுகிறவள். பழகுவதால்தான் இத்தனை கோபம்.

அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) என்பது இங்கே பலருக்குத் தெரியும். பகலில் பரவாயில்லை. பொழுது சாயும்போதுதான் ஆரம்பிக்கும். "எங்கம்மா தேடுவாங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்று புடவையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவருகே நிற்பார். அவருடைய அம்மா, என் பாட்டி, நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே போய்விட்டார். உண்மையைச் சொன்னால் அம்மா புதிதாகச் செத்த வீடு போல அழுவார். சொல்லாவிட்டால் கதவை இடிப்பார். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்திருக்கும். மாற்றும்போது என் கையைக் கிள்ளுவார். நானும் கத்துவேன். கத்திவிட்டு பாத்ரூமில் துணியை அலசிக்கொண்டே, பெற்ற தாயிடம் கத்துகிற நான் ஒரு மனுஷியா என்று என்னையே திட்டிக்கொள்வேன். அந்தத் திட்டை வேறு யாராவது என்னைத் திட்டியிருந்தால் ஜென்மத்துக்கும் அவர்கள் முகத்தில் விழித்திருக்க மாட்டேன்.

அம்மாவைக் காட்டப் போன அரசு மருத்துவமனையில் ஒரு ஆலோசகர், சின்னப் பெண், என்னைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பிறகுதான் ஒன்று சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடச் சொல்லவில்லை. வேண்டுமானால் மூடிக்கோங்க, பயமா இருந்தா திறந்தே வெச்சுக்கோங்க என்றார். தரையில் பாதம் படுவதைக் கவனி. நெஞ்சில் ஒரு கையை வை. "இது கஷ்டமான நேரம். இந்த நேரத்தில் என்னைப் போல எத்தனையோ பேர் முழித்துக்கொண்டிருப்பார்கள். என்மேல் நானே கொஞ்சம் பரிவாக இருக்கிறேன்." இவ்வளவுதான். பலூன் கிடையாது. மயில் படம் போட்ட பவர்பாயிண்ட் கிடையாது.

அதனால் அம்மா கிள்ளுவது நின்றதா? இல்லை. துணி அலசுவது குறைந்ததா? அதுவும் இல்லை. அலசும்போது என்னை நானே அடித்துக்கொள்வது குறைந்தது. கஷ்டம் கஷ்டமாகவே இருந்தது, அதன்மேல் நான் ஏற்றிய கஷ்டம் இறங்கியது. எனக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற இந்தக் கவனப் பயிற்சியை ஆரம்பித்தபோது வந்தவர்களில் பலர் தீராத வலிக்காரர்கள். வைத்தியம் பார்த்தும் வலி போகாதவர்கள். அவர்களிடம் "வலி உங்கள் மனசில்தான் இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் மறுவாரம் யார் வந்திருப்பார்கள்? வலி இருக்கிறது, அதைக் கவனிப்போம் என்பதுதான் பாடமே. தன்மேல் பரிவு என்பதை 2003-ல் ஆராய்ச்சிக்குரிய விஷயமாக எழுதிய உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று பங்கு இருப்பதாகச் சொல்கிறார். தன்னிடம் கனிவு, துன்பம் எல்லாருக்கும் பொது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்ப்பது. இந்த மூன்றில் எதில் வருகிறது "சிலருக்கு நிம்மதியே பிடிக்காது"?

இன்னொரு கூட்டம், "இதெல்லாம் வெள்ளைக்காரன் நம்மகிட்டயே திருடி நமக்கே விற்கிறது" என்று வந்து நிற்கும். சரி, வேர் புத்தர் காலத்துடையதுதான். பர்மாவில் பிறந்த கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து விபாசனா தியானம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அந்தப் பத்து நாள் வகுப்புகளுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் விண்ணப்பத்திலேயே உங்கள் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பார்கள். பலகாலமாகச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தெரியும், எல்லாரையும் எந்நேரமும் கண்ணை மூட வைக்க முடியாது என்று. மதியச் சாப்பாட்டுக்கு முன் முக்கால் மணி நேரம் கிடைத்த நம் பயிற்சியாளருக்குத் தெரியவில்லை.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்." இருக்கலாம். அடுத்தது.

"தன்மேலேயே பரிவு காட்டினால் சோம்பேறி ஆகிவிடுவோம், கண்டிப்பு வேண்டாமா?" இதைக் கேட்டது என் சக ஆசிரியர்கள், அதனால் நின்று பதில் சொல்கிறேன். பெர்க்லியில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2012-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு தேர்வில் தோற்ற மாணவர்களில் தங்கள்மேல் பரிவோடு இருக்கும்படி சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். குறைவாக அல்ல, அதிகமாக. நாம் முப்பது வருஷமாக "மக்கு, மக்கு" என்று சொல்லி எத்தனை பேரைத் தேற்றிவிட்டோம்?

"அப்போ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் கொண்டுவரலாமே" என்று துள்ளுகிறவர்களே, கொஞ்சம் இருங்கள். பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இந்தக் கவனப் பயிற்சியைச் செய்து பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. வழக்கமான வகுப்புகளைவிட இது மேல் என்று காட்ட முடியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. வேண்டும் என்று வராதவர்மேல் திணித்தால் இதுதான் நடக்கும். நான் சொல்வதும் இதுதானே. அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இது, ஊட்ட முடியாது.

ஆனால் பயிற்சியாளர்மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. வந்தார், பேசினார், சால்வை வாங்கினார், போனார். கைதட்டினவர்கள் யார்? ஆன்லைன் பதிவேற்றம், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று ஸ்டாஃப் ரூமில் தினமும் ஒன்றாகப் புலம்புகிறவர்கள். அந்த டீச்சரின் துக்க வீட்டுக்கு என்னோடு வேனில் வந்தவர்கள். வேலையைக் குறையுங்கள் என்று கேட்டால் மூச்சை இழுத்து விடுங்கள் என்று பதில் வருகிறது, அதற்கும் கை தட்டுகிறோம். கால் உடைந்தவனுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

சிரமம் கொடுக்கிறவரே சாந்தமாக இரு என்று சொல்வதை நான் வீட்டிலும் பார்க்கிறேன். அண்ணன் வெளிநாட்டில். பணம் அனுப்புகிறார், அதைக் குறை சொல்லவில்லை. தினமும் காலையில் சூரியோதயப் படத்தோடு ஒரு வாசகம் வரும். போன மாதம் அம்மா விழுந்து நெற்றி வீங்கிய அன்று போன் செய்தேன். "நீ டென்ஷன் ஆகாதே, உன் எனர்ஜிதான் அம்மாவுக்குப் போகும், டெய்லி மெடிட்டேட் பண்ணு" என்றார். என் எனர்ஜியால்தான் அம்மா விழுந்தார் போலிருக்கிறது. அன்று ஆஸ்பத்திரி வரிசையில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் சொன்னதற்காக இல்லை.

என்னைப் போல வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைப் படித்தால்: முடியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். தூக்க மாத்திரையோ வேறு மருந்தோ டாக்டர் கொடுத்திருந்தால் என் பதிவைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கமெண்டில் யாராவது வந்து "பாசிட்டிவா யோசிங்க" என்றால் நான் பிளாக் செய்வேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனும் இதைப் படிப்பார். அண்ணி கண்டிப்பாகப் படித்துக் காட்டுவார். படிக்கட்டும். டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு என்ன வாங்கி வரட்டும் என்று வேறு கேட்டிருந்தார். ஒன்றும் வேண்டாம் அண்ணா. வந்து ஒரு வாரம் ராத்திரி அம்மா பக்கத்தில் நீ படு, நான் உள்ளறையில் தூங்குகிறேன்.