சிவபுராணத்துக்கு நான் போட்ட பூஜ்யம்

பல வருடங்களுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். பரிணாமம் பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு பிள்ளை முத்து முத்தான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்...'

கீழே ஒரு வரி: 'டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மாணிக்கவாசகர் பரிணாமத்தைச் சொல்லிவிட்டார்.' ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு.

விடைக்குறிப்பில் இதற்கு இடமில்லை. பூஜ்யம் போட்டேன். அன்று காலைதான் குளித்து, நீறு பூசி, அதே சிவபுராணத்தைச் சொல்லிவிட்டு முகாமுக்கு பஸ் ஏறியிருந்தேன். மாணிக்கவாசகருக்குச் சிவப்பு மையில் முட்டை போட்டது இந்தக் கைதான்.

அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை. யாரோ பெரியவர் சொல்லிக்கொடுத்திருப்பார். அதே சரக்கு இப்போது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தசாவதாரமாக வந்திருக்கிறது. மச்சம் நீர்வாழ் உயிரி, கூர்மம் இருவாழ்வி, வராகம் பாலூட்டி, இதை அறிவியல் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்று. (ஆமை இருவாழ்வி இல்லை, ஊர்வன. சேர்க்கச் சொல்கிறவர்கள் அதையாவது சரிபார்த்திருக்கலாம்.)

சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. 'நீங்கள் சாமி கும்பிடுகிறவர்தானே சார்' என்று கேட்கிறார்கள். ஆமாம், அதனால்தான் சொல்கிறேன்.

அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புழுவுக்கு அப்புறம் மரம் வருகிறது. பாம்புக்கு அப்புறம் கல். கல்லுக்கு அடுத்தது மனிதன், மனிதனுக்கு அடுத்தது பேய். விலங்கியல் தாளில் இதை வைத்தால் வரிக்கு வரி தப்பு. ஆனால் மாணிக்கவாசகர் உயிரினங்களை வகைப்படுத்த உட்காரவில்லையே. மூன்று வரி தள்ளி 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்' என்கிறார். இளைத்துப்போன ஓர் உயிரின் முறையீடு அது. அதைக் கொண்டுபோய் டார்வினோடு ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தி 'பார், எங்கள் ஆள் முதலில் வந்தார்' என்றால், அந்த இளைப்பு எங்கே போயிற்று?

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபரில் அந்த ஊர்ப் பள்ளி வாரியம் 6-க்கு 3 என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் தொடங்கும் முன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கை வாசிக்க வேண்டும். டார்வின் சொன்னது வெறும் கோட்பாடு, அதில் ஓட்டைகள் உண்டு, உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி திட்டமிட்டு உருவாக்கியது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாற்று விளக்கம் இருக்கிறது, அதற்கான புத்தகம் நூலகத்தில் கிடைக்கும். இவ்வளவுதான், ஒரு நிமிட வாசிப்பு. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் நெறி என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள்.

பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2005 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அந்த வழக்கில் என்னை இன்றும் உறுத்துவது அறிவியல் இல்லை, ஒளிவுமறைவு. கடவுளை வகுப்புக்குள் கொண்டுவர நினைத்தவர்கள் கடவுள் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. 'வடிவமைப்பாளர்' என்றார்கள். யார் அவர் என்று கேட்டால், அதை நாங்கள் சொல்வதில்லை என்றார்கள். நூலகத்துக்கு வந்த அறுபது பிரதிகளுக்கு வாரிய உறுப்பினர் ஒருவர் தன் சர்ச்சில் வசூல் செய்திருந்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று முன்விசாரணையில் கேட்டபோது தெரியாது என்று சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளும் நீதிமன்றத்துக்கு வந்தன. உயிர்களைக் கடவுளே படைத்தார் என்கிற படைப்புவாதத்தை அரசுப் பள்ளிகளில் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், 'படைப்பு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'வடிவமைப்பு' என்று மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் அவசரத்தில் பழைய சொல் முழுதாக அழியாமல், அதன் தலைக்கும் வாலுக்கும் நடுவில் புதுச்சொல் போய் உட்கார்ந்துவிட்டது. இடைநிலை உயிரிக்குச் சான்று எங்கே என்று கேட்பவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்.

நீதிபதி ஜான் ஜோன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் நியமித்தவர். வாரியத்துக்குச் சாதகமாகத்தான் இருப்பார் என்று பலர் நம்பியிருந்தார்கள். டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில் அவர் சொன்னது, இது அறிவியல் அல்ல, மதம்தான் என்று. தங்கள் பக்தியை ஊரறியப் பெருமை பேசியவர்கள், உள்நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னது முரண் என்றும் எழுதினார். பக்தி பொய் சொல்ல வேண்டிய இடத்துக்கு அதை ஏன் கூட்டிக்கொண்டு போக வேண்டும்?

இன்னொன்று. அங்கே பரிணாமத்துக்காக முதல் சாட்சியாக வந்த உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர். அவர் சொன்ன குரோமோசோம் கணக்கை நானும் வகுப்பில் சொல்வதுண்டு. மனிதனுக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கு 24 ஜோடி. இருவருக்கும் மூதாதை ஒன்று என்றால் அந்த ஒரு ஜோடி எங்கே? எங்கோ இரண்டு ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டிய தழும்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோட்பாட்டுக்கே சிக்கல். தேடினார்கள். மனிதனின் இரண்டாவது குரோமோசோமில், முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை நடுவில் கிடந்தது. தோற்றுப்போகவும் தயாராக இருந்துதான் அறிவியல் வகுப்புக்குள் வர வேண்டும். சிவபுராணம் தோற்கும் சோதனை எது? அப்படி ஒன்று கிடையாது, இருக்கவும் வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொன்ன உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹியிடம், அறிவியல் கோட்பாட்டுக்கு நீங்கள் தரும் விளக்கப்படி ஜோதிடமும் அதில் சேருமா என்று கேட்டார்கள். சேரும் என்றார். நம் ஊர் ஜோசியர்களுக்கு இந்தச் செய்தி போகாமல் இருப்பது நல்லது.

'இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகளே முடிவு செய்யட்டும்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எந்த இரண்டு பக்கம்? பிரம்மாவா, ஆறு நாள் படைப்பா, ஆதாமா? என் வகுப்பில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நம் நாட்டில் வாதம் வேறு வழியில் வருகிறது. 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வினைப் பாடத்திட்டத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023-இல் மத்தியப் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' ஆகிவிட்டது. காரணமாகச் சொன்னது மதம் அல்ல, பாடச்சுமை. இருக்கட்டும். பதினொன்றில் கணக்கும் வணிகமும் எடுக்கிற பிள்ளை அப்புறம் எந்த வகுப்பில் பரிணாமம் படிக்கும்? 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் பரிணாமத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் அது இருக்கிறது, ஆறுதல்.

பார்த்ததில்லை என்கிறவர்கள் பருத்திக் காட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தபோது இளஞ்சிவப்புக் காய்ப்புழு செத்தது. தப்பிய சொற்பம் பெருகி, பத்து வருடத்துக்குள் குஜராத்தில் அந்த நஞ்சைத் தாங்கும் புழு வந்துவிட்டது. விவசாயிக்கு அது வெறும் தியரி இல்லை.

சிவபுராணம் தமிழ் வகுப்பில் இருக்கட்டும், தசாவதாரத்தைக் கோயில் தூணில் காட்டுங்கள், நானும் கூட வருகிறேன். இல்லை, அறிவியல் புத்தகத்தில்தான் வேண்டும் என்கிற குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மதிப்பெண் வினா ஒன்று தயாரித்து அனுப்புங்கள். விடைக்குறிப்பையும் சேர்த்து.