பிரியஸுக்குக் கண்ட சிவிடி ஒயிலையும் ஊத்தாதேங்கோ
பிரியஸ், அக்குவா மாதிரி டொயோட்டா ஹைபிரிட் கார்களின்ர கியர்பெட்டிக்கு எந்த சிவிடி ஒயிலும் (பெல்ட்டில ஓடுற ஓட்டோ கியர்பெட்டிக்கு ஊத்துற ஒயில்) சரிவரும் எண்டு ஒரு கட்டுரையில எழுதியிருக்கிறது பிழை. இதுகளின்ர கியர்பெட்டிக்குள்ள பெல்ட்டே இல்லை, பற்சக்கரமும் ரெண்டு மோட்டரும்தான். டொயோட்டா ஏரிஎஃப் டபிள்யூஎஸ் (ATF WS) எண்ட கியர் ஒயில் 4 லீற்றர் வாங்கினால் காணும், மிஞ்சும்.

ஒயில் மாத்த முதல் வாகனத்தை ஓஃப் பண்ணித் திறப்பைத் தூர வையுங்கோ, டாஷ்போட்டில ரெடி (READY) லைற் எரிஞ்சுகொண்டு நிண்டால் எஞ்சின் தானாய் ஸ்டார்ட் எடுக்கும். வன்னிச் செம்மண் கியர்பெட்டி ஒயில் நட்டுகளைச் சுத்தி அப்பியிருக்கும், பிறஷால தட்டாமல் கழட்டினால் மண் நேரே உள்ளுக்கு. முதல்ல ஊத்துற நட்டைக் கழட்டுங்கோ. பழைய ஒயிலை வடிச்சாப்பிறகு அது இறுகி நிண்டால் வாகனம் முற்றத்திலதான். வடிக்கேக்க இளஞ்சிவப்புத் தண்ணி வந்தால் உடன பூட்டுங்கோ, அது ஒயில் இல்லை, சூட்டைத் தணிக்கிற கூலன்ட்!

நட்டுகளுக்கு வொஷர் புதுசு போடவேணும். ஒயில் அளவு பாக்கிற கம்பி (டிப்ஸ்டிக்) இல்லாதபடியால், நாலு சில்லும் மட்டமாய் நிக்க, ஊத்துற துளை விளிம்புக்குக் கீழ 10 மில்லிமீற்றருக்குள்ள ஒயில் நிக்கவேணும். ஒருபக்கம் மட்டும் ஜக் அடிச்சுப் பாத்தால் அளவு பிழைக்கும்.