கொலை வழக்கும் சலவைக் கணக்கும்

பிரித்தானிய வரலாற்றாசிரியர் லூசி வொர்ஸ்லி, இங்கிலாந்தின் நாடக அரங்குகளில் ஊர் ஊராகச் சென்று வரலாறு பேசுகிறவர். லண்டனின் பழைய அரண்மனைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையில் நெடுங்காலம் தலைமைக் காப்பாட்சியராக இருந்த அவர், வீட்டுப் படுக்கையறையின் வரலாற்றையும் கொலைக் கதைகளின் மீது ஆங்கிலேயருக்குள்ள மோகத்தையும் ஒரே ஈடுபாட்டோடு விளக்குவார். இத்தகைய பேச்சுகளை ‘வரலாற்றின் பெயரால் நடக்கும் கேளிக்கை’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரணக் குடும்பம் எப்படி உண்டது, எப்படி உறங்கியது என்பதை அக்காலத்தில் யாரும் மெனக்கெட்டு எழுதிவைக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு குற்றம் நடந்து, அதிகாரிகள் உள்ளே நுழைந்த பிறகுதான் அலமாரியில் இருந்தவையெல்லாம் ஏட்டில் ஏறின.

1860ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ரோடு என்ற கிராமத்தில் நடந்த கொலையையே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வயதுச் சிறுவன் சேவில் கென்ட், இரவில் படுக்கையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்; உடல் வெளிக் கழிப்பறையில் கிடந்தது. லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் விச்சர் கவனித்தது சலவைக் கணக்கை. சிறுவனின் பதினாறு வயது மாற்றாந்தாய்ச் சகோதரி கான்ஸ்டன்ஸுக்கு இருந்த மூன்று இரவு உடைகளில் ஒன்றைக் காணவில்லை. பணிப்பெண் சலவைக் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கான்ஸ்டன்ஸ் குடிக்கத் தண்ணீர் கேட்டு அவளைக் கீழே அனுப்பியிருக்கிறாள். இரத்தம் பட்ட இரவு உடையை அழித்ததை மறைக்க, அந்த இடைவெளியில் கூடையிலிருந்த வேறோர் உடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சலவைக்காரி தொலைத்ததாகத் தோன்றச் செய்தாள் என்பது விச்சரின் கணிப்பு. ஒரு கனவான் வீட்டுப் பெண்ணின் உள்ளாடைகளைக் காவல்துறைக்காரன் ஆராய்வதா என்று பத்திரிகைகள் கொதித்தன. விச்சரின் பெயர் கெட்டது. 1865இல் கான்ஸ்டன்ஸ் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். முதலில் பழி விழுந்தது குழந்தையுடன் அதே அறையில் படுத்திருந்த செவிலிப் பெண்ணின் மீதுதான் என்பதையும் மறக்கக்கூடாது. வேலைக்காரி எங்கே படுத்தாள், துணி எந்தக் கிழமை வெளுப்புக்குப் போனது, யார் எண்ணி எழுதினார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு வழக்கால் நமக்குக் கிடைத்தவை.

என் குறை வேறு. மேடைக்கு வருபவை பெரும்பாலும் கொலைகள், அதிலும் வசதியான வீட்டுக் கொலைகள். 1674 முதல் 1913 வரை அச்சான லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் விசாரணைப் பதிவுகளோ பெரும்பாலும் திருட்டு வழக்குகளே: படுக்கை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை. 1713ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டிலிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. அதனால் நடுவர் குழுவினர் இரக்கப்பட்டு, பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று குறைத்துத் தீர்ப்பளித்த வழக்குகள் ஏராளம். அந்த ஒரு ஷில்லிங் வித்தியாசத்தில் ஒரு வேலைக்காரியின் உயிர் தப்பியது. விஷக் கோப்பையைவிட இது எனக்குப் பதற்றம் தருகிறது. ஒரு மாலை முழுவதையும் இத்தகைய திருட்டு வழக்குகளுக்கே ஒதுக்க ஒரு பேச்சாளர் துணிந்தால், அரங்கு நிறையாது என்பது எனக்கும் தெரியும். முதல் டிக்கெட்டை நான் எடுத்துவிடுகிறேன்.