டஸ்ட் டீயைத் திட்டுகிறவர்களுக்கு

"டஸ்ட் டீ என்பது ஃபேக்டரி தரையில் கூட்டி அள்ளிய குப்பை" என்கிற அந்தத் தகவல் இந்த முறை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே வந்து சேர்ந்தது. அனுப்பியது சமீபத்தில் கிரீன் டீக்கு மாறிய உறவுக்காரர். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே போட்டுவிடலாம்.

குப்பை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தேயிலையை உலர்த்தி எடுத்த பிறகு அடுக்கடுக்கான சல்லடையில் சலிக்கிறார்கள். மேலே நிற்பது முழு இலை, அடுத்தது உடைந்த இலை, அதற்கும் கீழே பொடி, கடைசியில் விழுவது டஸ்ட். சல்லடைக்குத் தெரிந்தது அளவு மட்டும்தான். முற்றின இலையைப் பறித்துப் பக்குவமில்லாமல் செய்து முழு இலையாகவே விற்கலாம், நல்ல கொழுந்திலிருந்து அருமையான டஸ்ட்டும் எடுக்கலாம். நம் பக்கத்து டீ பெரும்பாலும் சிடிசி முறையில் செய்தது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராக, வேறு வேறு வேகத்தில் சுற்றும். இடையில் மாட்டுகிற இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு, மணி மணியாக வெளியே வரும். 1930-களில் அசாமில் வந்த இயந்திரம் அது. தூள் சின்னதாக இருந்தால் தண்ணீர் படுகிற பரப்பு கூடும், சாறு சட்டென்று இறங்கும். அரை கிளாஸ் பாலை ஊற்றிய பிறகும் நிறமும் துவர்ப்பும் நிற்க வேண்டும் என்றால் அப்படி ஒரு தூள்தான் வேண்டும்.

கலப்படம் தனிக்கதை. ஒருமுறை வடித்த தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால், வடிகட்டும் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, மேலே தண்ணீர் தெளித்துவிட்டுத் தாளைக் கழுவிப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல தூள் லேசான கறையோடு நின்றுவிடும், சாயம் போட்டது திட்டுத் திட்டாக நிறம் காட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லித்தருகிற சோதனைதான். இலைத் தேயிலைக்கும் இதைச் செய்யலாம்.

நான் சொல்ல வந்தது வேறு. பால் டீ ஒரு பானம், பால் இல்லாத டீ இன்னொரு பானம். இரண்டுக்கும் இலை வேறு, தண்ணீர்ச் சூடு வேறு, நேரம் வேறு. ஒன்றின் அளவுகோலை வைத்து இன்னொன்றை மட்டம் தட்டுவதில்தான் பாதிச் சண்டை வருகிறது. டார்ஜிலிங்கைப் பாலில் கொதிக்கவிட்டு "இதுக்கா இவ்வளவு விலை" என்கிறவரும், டஸ்ட்டை வெந்நீரில் போட்டுக் குடித்துவிட்டு "ஐயோ கசாயம்" என்கிறவரும் என்னைப் பொறுத்தவரை ஒரே கட்சி.

இதை வாயால் சொன்னால் யாரும் கேட்பதாக இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் மதினியையும் வீட்டுக்கு வரச் சொல்லி, அடுப்படி மேடையில் கிளாஸ்களை வரிசையாக வைத்தோம். தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கென்றே உலகத் தர அமைப்பு ஒரு முறை வைத்திருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கிற தண்ணீர், 6 நிமிடம். குடிக்க ருசியான டீ போடுவதற்கான முறை என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாத் தேயிலையையும் ஒரே கஷ்டத்துக்கு உட்படுத்தி, அதன் குறையும் நிறையும் வெளியே வரவைப்பதற்கான முறை. கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசு உதவிக்கு வந்தது. ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். காற்றும் சேர்ந்து போனால்தான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். இப்படி உறிஞ்சினால் சின்ன வயதில் அடி விழுந்திருக்கும், என் மாமியாருக்கு அதில் ஏகப்பட்ட மகிழ்ச்சி.

வைத்தவை: வீட்டில் எப்போதும் இருக்கிற டான்டீ டஸ்ட், அசாம் சிடிசி, குன்னூரிலிருந்து வந்த நீலகிரி இலை, கொழுக்குமலை இலை, ஒரு தோழி வாங்கி வந்த டார்ஜிலிங். கிரீன் டீயும் இருந்தது, உறவுக்காரரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

அசாம் வாயை நிறைத்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை அதில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் வேடிக்கை பார்த்தது அது ஆறிய பிறகு நடந்ததை. சூடாக இருந்தபோது செம்பு நிறத்தில் தெளிவாக இருந்த கிளாஸ், ஆற ஆற அடியிலிருந்து கலங்கி, பால் சொட்டியது போல் மங்கிவிட்டது. அண்ணன் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று என்னைப் பார்த்தார். கழுவின கிளாஸ்தான். தேயிலையின் நிறப்பொருள்களும் காஃபினும் சூடு குறைந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதால் வருகிற கலங்கல் அது. சாறு கனமான டீ என்பதற்கு அடையாளம். திரும்பச் சூடு பண்ணினால் மறுபடி தெளிந்துவிடும், பண்ணியும் காட்டினேன். பக்கத்திலேயே இருந்த நீலகிரி, முழுக்க ஆறியும் கண்ணாடி மாதிரி நின்றது. ஐஸ் டீக்கு நீலகிரியைத் தேடி வாங்குகிறார்களே, காரணம் இதுதான். சித்திரை வெயிலில் எலுமிச்சை பிழிந்து, குளிரவைத்துக் குடிக்க மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தேயிலை கிடையாது என்பேன். பனிக்காலத்தில் பறித்தது கிடைத்தால் விடாதீர்கள். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் வாசனை கூடி வருகிறது.

டார்ஜிலிங்குக்கு என் மாமியார் வழங்கிய தீர்ப்பு: "சுடுதண்ணியில இலையக் காட்டிட்டு எடுத்திருக்காக." பாலில்லாத டீயைப் பழகாத நாக்குக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது வாய்க்குத்தான் எனக்கு அந்த வாசனை பிடிபட்டது. அங்கே வசந்தத்தில் முதல் பறிப்பு, மே-ஜூனில் இரண்டாவது. இரண்டாவது பறிப்பில் வருகிற திராட்சை வாசனைதான் உலகப் புகழ். அந்த வாசனைக்கு ஒரு பங்கு காரணம் தத்துப்பூச்சி! பூச்சி கடித்ததும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில பொருள்களைச் சுரக்கிறது, அதுதான் கோப்பையில் மணக்கிறது. மேலூர்ப் பக்கம் வயலில் தத்துப்பூச்சி தெரிந்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம், அங்கே அதற்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள்.

பாலில்லாத சுற்றில் டஸ்ட் கடைசி. கறுத்து, நாக்கை இழுத்துப் பிடித்தது.

அப்புறம் அதே வடிநீரில் பாலும் சீனியும் சேர்த்து இரண்டாவது சுற்று. வரிசை அப்படியே தலைகீழ். டார்ஜிலிங் அழுக்குத் தண்ணீர் ஆகிவிட்டது. கொழுக்குமலையும் பரிதாபம். டஸ்ட்டும் அசாமும் எழுந்து நின்றன. பாலில் இருக்கிற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக் கட்டிவிடும். துவர்ப்பு ஏராளமாக இருக்கிற டஸ்ட்டுக்கு அதனால் முரட்டுத்தனம் மட்டும் குறைகிறது. மென்மையான இலைக்கோ இருந்ததும் போய்விடுகிறது. மாமியார் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு "இதத்தான தெனமும் குடிக்கோம், இதுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த டான்டீ பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வாழ்வு தருவதற்காக அரசு தொடங்கிய தோட்டங்களின் தேயிலை அது. மதுரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் உண்டு. அதைக் குப்பை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கிரீன் டீயைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அதுவும் இதே செடிதான், பறித்ததும் சூடு காட்டி நிறம் மாறவிடாமல் நிறுத்திவிடுகிறார்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கசக்கும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், கொதித்த தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றிவிட்டு ஊற்றுங்கள். ஆற்றுவதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையே. உடம்பு இளைக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கடை டீக்கு வருகிறேன். ஒரே கடை, ஒரே மாஸ்டர், ஒரே தூள், ஆனாலும் காலை ஆறு மணி டீயும் பதினோரு மணி டீயும் ஒன்றாக இருப்பதில்லை. காரணம் அந்தத் துணிப் பை. பையில் தூளைப் போட்டு பாய்லர் வெந்நீரை ஊற்றி ஊற்றி டிகாஷன் இறக்குகிறார்கள். புதுத் தூளில் முதல் சில ஊற்றல்களில் வாசனை வருகிறது. அப்புறம் வாசனை தீர்ந்து, கசப்பு மட்டும் மிச்சமாகும். நல்ல மாஸ்டர் பையை உதறிக் கழுவிப் புதிதாகப் போடுவார். சிக்கனம் பார்க்கிறவர் பழைய சக்கை மேலேயே கொஞ்சம் தூளைத் தூவி ஒப்பேற்றுவார், நிறம் வந்துவிடும். "அண்ணே, தூள் மாத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுச் சொல்வது என் வழக்கம். சிம்மக்கல் பக்கம் ஒரு மாஸ்டர் என்னைக் கண்டதும் கேட்காமலே பையைக் கழற்றுகிறார். டீக்கடை வாசலில் பெண்கள் நின்று குடிப்பதை உற்றுப் பார்க்கிற ஆட்கள் இன்னும் குறையவில்லை. அவர்களுக்கு நேரம் இருக்கிறது, பார்க்கட்டும்.

எனக்குப் பிடிக்காதது இந்தப் புது மோகம்தான். மண் குவளை, தந்தூரி டீ, சாக்லேட் டீ. போன மாதம் ஒரு கடையில் ஏலக்காய் டீ கேட்டேன், குடித்து அரை மணி நேரம் கழித்தும் நாக்கில் சென்ட் வாசம். ஏலக்காய் விளைகிற போடிமெட்டு பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது, நாம் எசன்ஸ் குடிக்கிறோம். இஞ்சி தட்டிப் போட்ட டீ எனக்கும் பிடிக்கும், சாயங்காலம் சுக்குமல்லியும் பருத்திப்பாலும் குடிக்கிற ஊர் இது. ஆனால் மசாலாவின் முக்கால்வாசி வேலை, ஓய்ந்துபோன தூளை மறைப்பதாக இருக்கக்கூடாது.

தண்ணீரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒரே தூளை வைகைத் தண்ணீரில் ஒரு கிளாஸ், எங்கள் தெரு போர் தண்ணீரில் ஒரு கிளாஸ் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் டீயில் நிறம் செத்துக் கருமையாக இருக்கும், ஆறியதும் மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும். கிளாஸைச் சாய்த்தால் அந்தப் படலம் விரிசல் விட்டு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையோடு சேர்ந்து செய்கிற வேலை. கேன் தண்ணீரில் படலம் வராது, ஆனால் டீ சப்பென்று இருக்கும். ஆயிரம் ரூபாய்த் தேயிலையை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தோட்டக்காரனைத் திட்டிப் பயனில்லை. இன்னொன்று, பெண்களுக்கு: சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் டீ தடுக்கும். ரத்தச்சோகை என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பால் டீயோ கிரீன் டீயோ, இரண்டுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக என் ஆதங்கம். அன்றைக்கு வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது கொழுக்குமலை. ஏழாயிரம் அடிக்கும் மேலே, பழைய முறையில் இலையை உருட்டிச் செய்கிற ஃபேக்டரி. தேன் நிறம், குடித்த பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு. எங்கள் மதினிக்குப் பிறந்த ஊர் போடி. "எங்க ஊர்த் தேயிலை, இதையே நான் இங்கதான் முதல்ல குடிக்கேன்" என்றார். தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் போவதென்னவோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. வருகிற சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள், மலையடிவாரத்தில் பொட்டலம் கண்ணில் படுவதில்லை. சின்னமனூருக்கு மேலே மேகமலை முழுக்கத் தேயிலைதான், அதன் பெயர் போட்ட டப்பாவை மதுரைக் கடை எதிலும் நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் மூணாறு தேயிலை இந்தப் பக்கமாகத்தான் இறங்கியது. டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில், அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு, அப்புறம் போடி, கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம். அந்த மலை ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1928-ல் மதுரை-போடி ரயில் வந்தது. அகலப்பாதை வேலைக்காக மூடியதில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடந்து, 2023-ல் மறுபடி போடிக்குப் போகத் தொடங்கியது. ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் மலையடிவாரம்.

டீக்கடை வைத்திருக்கிற அண்ணன்மார்களே, பாய்லர் பால் டீயில் கை வைக்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு கெட்டில், ஒரு டப்பா மேகமலை இலை, மூடி வைக்க மூன்று நிமிடம். சீனி இல்லாமல், பால் இல்லாமல் கேட்கிற ஆட்கள் இப்போது நிறைய வருகிறார்கள், சுகர்காரர்கள் பாதிப்பேர். அவர்களுக்கு ஓய்ந்துபோன டிகாஷனில் வெந்நீரை ஊற்றி "கட்டன்" என்று நீட்டாதீர்கள். கூட மூன்று ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணியிலோ கீழவாசலிலோ யாராவது ஏற்கெனவே இப்படிப் போடுகிறார்கள் என்றால் கடையின் அடையாளத்தைக் கமெண்டில் சொல்லுங்கள். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும், அவர் இன்னும் கிளாஸ் கழுவவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.